பிள்ளைகளைக் காத்தது யார்?

2020-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு என்று சர்க்கார் உத்தரவு போட்டபோது கடைகள் அடைபட்டன; ரயில்கள் நின்றன; பட்டினச்சேரிக் கரையில் படகுகள் மணலில் ஏற்றிவைக்கப்பட்டன. அதற்குச் சில நாள் முந்தியே பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டாய்விட்டன. இவ்வாறு அடைபட்ட கதவுகளில் எது முதலில் திறந்தது, எது கடைசியில் திறந்தது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா என்று கேட்கின்றோம்.

நாம் பார்த்தோம். சாராயக் கடை 2020 மே மாதத்திலேயே திறந்தது. தமிழ்நாட்டில் மாதத்தின் ஆரம்பத்தில், நமது புதுவைப் பிரதேசத்தில் மாதத்தின் கடைசியில், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்தபடி கோயில் திறந்தது. அந்த வருஷம் டிசம்பர் 27-ந் தேதி நமக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது. வியாதி இல்லையென்று சர்ட்டிபிகேட் வேண்டுமா வேண்டாமா என்று ஐக்கோர்ட் வரையில் வழக்காடி, ஒருவாறு விழாவை நடத்தியே தீர்த்தார்கள். அன்றைய தேதிவரையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்தபாடில்லை. பிறகு சில வாரம் திறந்தார்கள், மறுபடியும் பூட்டினார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன.

சனி என்பது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துக்கொள்ளும் ஒரு கிரகம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை வருஷம் வருகிறது. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அதற்குப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளையின் வகுப்பைப் பூட்டிவைத்து, கிரகம் வீடு மாறுவதற்கு விழாக் கொண்டாடிய தேசம் எது என்று நாளைக்கு யாராவது கேட்டால் நம்மைத்தான் காட்ட வேண்டிவரும்.

இதனால் ஊரடங்கே தப்பு என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. தொத்து வியாதி தெய்வச் செயலல்ல. மனிதனிடமிருந்து மனிதனுக்குக் காற்று வழியாகத் தொத்துவது. கூட்டத்தைக் குறைத்தால் தொத்துக் குறையும் என்பது பகுத்தறிவுதான். மருந்தும் தடுப்பூசியும் வராத காலத்தில் அதைவிட வேறு வழி இருக்கவில்லை. நமது குறையெல்லாம், கதவைத் திறக்கத் தொடங்கிய பிறகு எந்தக் கதவைக் கடைசியில் வைத்தார்கள் என்பதைப் பற்றியதே.

இனி, பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பார்ப்போம். 2020-ல் இந்தியாவில் 15 லட்சம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதால் 24 கோடியே 70 லட்சம் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமான யூனிசெப் கணக்குச் சொல்லிற்று. நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குத்தான் கருவியும் இன்டர்நெட்டும் கிடைக்கிறது என்றும் அதே ஸ்தாபனம் சொல்லிற்று. பாடத்தை ஆன்லைனில் நடத்துகிறோம் என்று சொன்னவர்கள் மற்ற மூன்று பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்தார்கள்? 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் 15 மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் சுமார் 1,400 பேரை விசாரித்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 100-க்கு 8 பேர். எதுவுமே படிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 37 பேர். இதுதான் டிஜிட்டல் இந்தியாவின் யோக்கியதை.

இது புது அனுபவமும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பள்ளிக்கூடம் திறப்பது தள்ளிப்போனபோது, ரேடியோவில் பாடம் நடத்தினார்கள். பத்திரிகைகளில் பாடக் குறிப்பு அச்சிட்டார்கள். ரேடியோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்கும் பாடம் கிடையாது. கருவி மாறிற்றேயல்லாமல், இருப்பவன் இல்லாதவன் என்கின்ற பேதம் அப்படியே இருக்கிறது.

கேரளத்தில் 2020 ஜூன் 1-ந் தேதி டெலிவிஷன் மூலம் வகுப்புகள் தொடங்கின. முதல் நாளே மலப்புறம் ஜில்லாவில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டு டெலிவிஷன் பழுதாய்க் கிடந்தது. ஸ்மார்ட் போன் இல்லை. தகப்பனாருக்கு ஊரடங்கில் கூலி வேலையும் இல்லை. அந்தச் செய்தி வந்த பிறகு அங்குள்ள வாலிபர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தார் டெலிவிஷன் பெட்டிகளைத் திரட்டி, இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் பொதுவில் டெலிவிஷன் வைத்து அண்டை அயல் பிள்ளைகள் தள்ளித்தள்ளி உட்கார்ந்து பாடம் பார்க்கும்படி ஏற்பாடு நடந்தது. ஒரு பெண் செத்த பிறகுதானா என்று கேட்டால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனாலும் செய்தார்கள்.

நமது கரைக்கு வருவோம். மீனவர் குப்பத்துக்கு அந்த வருஷம் இரட்டை அடி. ஊரடங்கினால் தொழில் நின்றது. அது முடிவதற்குள் ஏப்ரல் 15-ந் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிற்று. வழக்கமான 61 நாளை அந்த வருஷம் மே 31-ஓடு முடித்துக் கொடுத்தார்கள் என்றாலும், வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டமாயிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கிடைத்துவந்த சூடான மதியச் சாப்பாடும் போயிற்று. ஆண்பிள்ளைகள் கரையில் சுற்றினார்கள். இருக்கிற ஒரே போன் தகப்பனார் கையிலோ அண்ணன் கையிலோ இருந்தது. பெண்பிள்ளைகள் கதியை எழுத வேண்டுமா? தம்பியைப் பார்த்துக்கொள், தண்ணீர் பிடி, மீன் ஆய் என்று பத்து வயதிலேயே குடும்பக்காரியாய்விட்டார்கள். இனிப் பள்ளிக்கூடம் எப்போது திறக்கப்போகிறது, நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம் என்று பேசிய வீடுகளும் உண்டு.

அந்தச் சமயத்தில் கடவுள்கள் என்ன செய்தார்கள்? மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளுவதும், மீனவத் தோழர்கள் அவரைத் தங்கள் குலத்து மாப்பிள்ளை என்று வாயாரக் கூப்பிட்டு வரவேற்பதும் நாம் எல்லோரும் அறிந்ததே. மாப்பிள்ளை வருகிறார், மரியாதை பெறுகிறார், போகிறார். மாமனார் வீட்டுப் பிள்ளைகள் எழுத்தை மறந்துகொண்டிருந்த இரண்டு வருஷத்தில் ஒரு சிலேட்டுக் குச்சியாவது வாங்கி அனுப்பினாரா? அது போகட்டும், அந்த மாப்பிள்ளை வீட்டுக் கர்ப்பக்கிருகத்தில் மாமனாருக்கு நுழைய இடமுண்டா? இதைக் கேட்டால் நமக்கு நாஸ்திகன் என்று பெயர்.

மற்ற இடங்களில் நடந்ததும் அதே லட்சணந்தான். மார்ச் 22-ந் தேதி தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் மின்விளக்கை அணைத்து அகல்விளக்கு ஏற்றச் சொன்னார்கள். 2021 மே மாதம் கோயமுத்தூர்ப் பக்கம் இருகூரில் ஒரு ஆதீனத்தார் ‘கொரோனா தேவி’ என்று ஒரு சிலையையே வைத்து 48 நாள் பூசை போட்டார்கள். பிளேக் வந்த காலத்தில் பிளேக் மாரியம்மனை உண்டாக்கிய ஊர் அது, பழக்கம் விடவில்லை. அம்மை என்றால் மாரியாத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், ஊசி குத்தித்தான் பெரியம்மை ஒழிந்தது. உலகத்திலேயே இனி அது இல்லை என்று 1980-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மாரியாத்தாள் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

ஆனால், இதே குப்பங்களிலும் பக்கத்துத் தெருக்களிலும் காலேஜ் மூடியதால் வீடு திரும்பியிருந்த வாலிபர்களும் வாலிபப் பெண்களும் இருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் சம்பளம் பேசவில்லை. ஒரு பெண் தன் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வாசலில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து எட்டிப்பார்த்தது. மறுநாள் நான்கு பேர். அடுத்த வாரம் திண்ணை போதாமல் படகு நிழலுக்குப் போனார்கள். இப்படித்தான் நாம் கண்ட இடங்களிலெல்லாம் ஆரம்பித்தது. மாஸ்க் கட்டிக்கொண்டு, இரண்டு முழம் தள்ளி உட்காரவைத்து, மணலிலே விரலால் எழுதவைத்தார்கள். எடைக்கல்லையும் மீன் ஏலத்தையும் வைத்துக் கூட்டல் பெருக்கல் நடந்தது. இத்தனை கூடை, கூடை இத்தனை ரூபாய், ஏலக்காரன் கமிஷன் போக மிச்சம் என்ன என்று கேட்டால் குப்பத்துப் பிள்ளை வாய்க்கணக்காகவே சொல்லிவிடும். அந்தப் பிள்ளையைத்தான் கணக்கு வராது என்று நாம் பின்பெஞ்சியில் உட்காரவைத்திருந்தோம்!

பாடம் மாத்திரமல்ல. கிளித்தட்டு ஆடினார்கள், சடுகுடு ஆள்மேல் ஆள் விழுவதால் வேண்டாமென்று நிறுத்திவிட்டு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள், வலை முடியத் தெரிந்த கிழவரைக் கூப்பிட்டுக் கண்ணி போடச் சொல்லிக்கொடுத்தார்கள், செத்துப்போன வீட்டுப் பிள்ளை தனியாய் உட்கார்ந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். இந்தக் கடைசிக் காரியம் ஒன்றே போதும் என்போம். காற்றோட்டமான வெளியில் பாடம் நடத்துவது ஏதோ ஏழைக்கு ஏற்பட்ட கதி என்று நினைக்கவேண்டாம். 1904-ல் ஜெர்மனியில் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க் என்ற ஊரில், க்ஷயரோகத்துக்கு ஆளாகக்கூடிய நோஞ்சான் பிள்ளைகளுக்காகக் காட்டிலே திறந்தவெளிப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிறகு அது பல தேசங்களுக்குப் பரவிற்று. நமக்கோ கடற்கரை இருக்கிறது. அதைத் தீர்த்தவாரிக்குப் பயன்படுத்தத் தெரிந்த நமக்குப் பாடத்துக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை.

இது ஒருபுறமிருக்க, தமிழ்நாட்டு சர்க்கார் 2021 அக்டோபர் 27-ந் தேதி விழுப்புரம் ஜில்லா மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிற்று. அதுவும் ஒரு கடற்கரை ஊர்தான். தினமும் மாலை 5 மணி முதல் 7 மணி வரையில், சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தொண்டர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொண்டர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலார் பெண்கள். இதற்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 சிறு பிள்ளைகளைப் பரீட்சித்துப் பார்த்த ஆராய்ச்சிக்காரர்கள், ஊரடங்கினால் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளிக்கூடம் திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்றும் கண்டார்கள். தெருவில் பாய் விரித்து உட்கார்ந்த பெண்கள் செய்த காரியம் இது.

அந்தத் திட்டத்தைப் பற்றி நம் இயக்கத்தாரும் இடதுசாரித் தோழர்களும் ஆரம்பத்தில் ஐயம் எழுப்பியது உண்மை. தொண்டர் என்ற பெயரால் மதவெறிக் கூட்டத்தார் பிள்ளைகளிடம் நுழைந்துவிடுவார்களோ என்றும், உபாத்தியாயர் வேலையைத் தொண்டர் தலையில் கட்டிப் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டுவிடுவார்களோ என்றும் கேட்டார்கள். அந்த இரண்டு ஐயமும் நியாயமானவையே, இன்றைக்கும் நியாயமானவையே. ஆனால் நாம் நுழையாத இடத்தில்தான் மற்றவன் நுழைகிறான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமக்கு வந்த சங்கடம் வேறு. மேற்படி திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட 12 ஜில்லாக்களில் நாகப்பட்டினமும் ஒன்று. ஆகவே வாஞ்சூர் செக்போஸ்டுக்குத் தெற்கே நாகூர்ப் பிள்ளைக்கு மாலை வகுப்பு கிடைத்தது. வடக்கே பட்டினச்சேரிப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் நாம் புதுவைப் பிரதேசம். பிரெஞ்சுக்காரன் 1739-ல் காரைக்காலை வாங்கிப் போட்ட கோடு, அவன் 1954-ல் போன பிறகும் நம் பிள்ளைகளின் சிலேட்டின் குறுக்கே கிடக்கிறது. ஒரே கடல், ஒரே பாஷை, இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். மலிவுச் சாராயத்துக்காக அந்தப் பக்கத்து ஜனங்கள் வாஞ்சூருக்கு வருவதை இந்தக் கோடு தடுக்கிறதா? சாராயம் கோட்டைத் தாண்டுகிறது, படிப்பு தாண்டுவதில்லை.

சர்க்காரைக் குறை சொல்லிக்கொண்டே நம்மை மறந்துவிடக் கூடாது. அந்த இரண்டு வருஷத்தில் பகுத்தறிவுக்காரர்களாகிய நம்மில் அநேகர் என்ன செய்தோம்? சாயங்காலமானால் போனை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு இணையவழிக் கூட்டம் போட்டோம். கடவுள் இல்லை என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நாற்பது பேர், ஒப்புக்கொண்ட இன்னொரு நாற்பது பேருக்கு விளக்கினோம். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்தது. இதை எழுதும் நமக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட வாசகசாலைத் திண்ணையில் யாரோ ஒரு வாலிபர் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்துப் படித்தது அதிகம் என்கின்ற நாமே அதை மறந்திருந்தோம். ஈரோட்டில் பிளேக் வந்தபோது பெரியார் ஊரைவிட்டு ஓடாமல் பிணத்தைத் தோளில் சுமந்தார் என்று மேடைதோறும் பேசுகின்றோம். பேசுவது சுலபம்.

இன்று ஊரடங்கு முடிந்து வருஷங்கள் ஆய்விட்டன. படகு நிழலில் கூடிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். சொல்லிக்கொடுத்த வாலிபர்கள் வேலை தேடிப் போனார்கள். மிஞ்சிய வாலிபர் சங்கங்கள் கிரிக்கெட் கோப்பைக்கும் திருவிழா பிளெக்ஸ் போர்டுக்கும் திரும்பிவிட்டன. ஆட்டத்தை நாம் வெறுக்கவில்லை. கிரிக்கெட் ஆடட்டும், ஆனால் அதில் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பந்து கொடுக்கட்டும். நாம் கேட்பது, அன்று ஆபத்துக்காகச் செய்த காரியத்தை இன்று ஏன் கைவிட வேண்டும் என்பதே. நோய் போயிற்று, எழுத்துக் கூட்டத் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளை போகவில்லை. அன்று தனிமைக்குப் பழகி ஏற்பட்ட போன் பைத்தியமும் போகவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நமது குப்பங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வழக்கம் இருக்கிறதல்லவா? பஞ்சாயத்தார் கேட்டால் இல்லையென்று சொல்கிற வீடு உண்டா? அந்த வசூலில் வாணவேடிக்கைக்கு எரிகிற பணத்தில் பத்தில் ஒன்றை ஒதுக்கினால், ஒரு வருஷத்துக்கு வேண்டிய சிலேட்டும் நோட்டும் விளக்கும் புத்தகமும் வாங்கலாம். பஞ்சாயத்தார் மறுத்தால், வாலிபர்கள் தங்கள் தலைக்கட்டை அதற்கென்றே தனியாகக் கொடுத்துவிட்டு ரசீது கேட்கட்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யார் வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடக்கிறதோ அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளை ஏற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாதென்றால் அந்தத் திண்ணை நமக்கு வேண்டாம். மணலில் நடக்கட்டும், மணலுக்கு ஜாதி இல்லை. குப்பத்துப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் முஸ்லிம் தெருப் பிள்ளையும் ஒரே வட்டமாய் உட்கார்ந்து, ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கட்டும். பெண்பிள்ளையை அனுப்பமாட்டோம் என்கின்ற வீட்டுக்கு வாலிபர்கள் போவதைவிட வாலிபப் பெண்கள் போனால் காரியம் நடக்கும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. கதை சொல்லும்போது புராணத்தை எடுக்காமல் தடுப்பூசி வந்த கதையையும், கடல் ஏன் உப்பாயிருக்கிறது என்பதையும் சொல்லட்டும். 2004 டிசம்பர் 26-ந் தேதி இந்தக் கரையில் சுனாமி வந்தது சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி நழுவியதால். எந்தச் சாமியின் கோபத்தாலும் அல்ல என்று பாட்டியை இழந்த வீட்டுப் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கிறது.

பட்டினச்சேரியிலும் சுற்றுப்புறக் குப்பங்களிலும் அன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாலிபர்களும் பெண்களும் இப்போது எங்கே இருந்தாலும், எந்த இடத்தில், எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை மாதம் நடத்தினார்கள், ஏன் நின்றது என்பதை நமக்கு எழுதியனுப்பக் கோருகிறோம். பெயர் போடவேண்டாமென்றால் போடமாட்டோம். மறுபடி தொடங்க விருப்பமுள்ளவர்கள் அதையும் எழுதட்டும். நம் வாசகர்களிடம் பழைய பாடப் புத்தகங்கள் திரட்டி, கேட்கிற குப்பத்துக்கு நாமே சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்கிறோம்.